மழை பெய்து உப்பு இறங்கினால் கொடுவா என்ன செய்யும்? ஆற்றங்கரை முகத்துவாரத்தில் ஒரு காலை

வணக்கம் மக்களே. நான் இப்போது ஆற்றங்கரை என்கிற ஊரில் நிற்கிறேன். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலைத் தொடுகிற இடம் இது. ராத்திரி முழுக்க மழை. வாடைக்காற்று சத்தம் போடுகிறது, மைக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

இது உப்பு பார்க்கிற கருவி, ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேருகிற கோடு தெரியும். போன வாரம் இதே இடத்தில் 32 காட்டியது, லிட்டருக்குச் சுமார் இத்தனை கிராம் உப்பு என்று கணக்கு. இப்போது 11. கொஞ்சம் மேலே, ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கே வெறும் 3.

இந்த 11-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது இந்தத் தண்ணீரும் மீனின் ரத்தமும் இப்போது கிட்டத்தட்ட ஒரே உப்பு. வெளியே உப்பு இதைவிட ஏறினால், மீனின் உடம்பிலிருந்து தண்ணீரைக் கடல் உறிஞ்சும். இறங்கினால் தண்ணீர் உடம்புக்குள் புகும், உப்பு வெளியே கசியும்.

கடலில் இருக்கும் மீனுக்குத் தாகம் எடுக்கும் என்றால் நம்புவீர்களா? அது கடல்நீரைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930-ல் இதை எழுதினார். குடித்த உப்பு எங்கே போகிறது? இதோ, அண்ணன் வீச்சு வலையில் இப்போதுதான் எடுத்த கொடுவா. செவுள் மூடியைத் தூக்குகிறேன், கிட்டே பாருங்கள். சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாகச் சிவப்பு இழை. அதன் தோலில் உப்பைக் கடத்துவதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. 1932-ல் கீஸ், வில்மர் என்ற இருவர் இவற்றைக் காட்டினார்கள்.

அந்தச் செல்லுக்குள் மூன்று ஜீன்களின் வேலையைச் சொல்கிறேன். ஒன்று சோடியம்-பொட்டாசியம் பம்பைச் செய்கிறது, மற்ற எல்லாவற்றுக்கும் விசை அதுதான். இரண்டாவது என்.கே.சி.சி.1, ரத்தத்துப் பக்கமிருந்து உப்பின் ஒரு பாதியான குளோரைடைச் செல்லுக்குள் இழுக்கும். மூன்றாவது சி.எஃப்.டி.ஆர்., அதைக் கடலுக்கு வெளியேற்றும் கதவு. இந்த மூன்றாவது ஜீன் நம் உடம்பிலும் இருக்கிறது. அது பழுதானால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகிற நோய். மீனின் செவுளும் நம் நுரையீரலும் ஒரே கதவைப் பயன்படுத்துகின்றன என்பதை முதலில் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

சரி, மழை வந்தால்? ஜீன் மாறாது. வீட்டில் பெரிய அண்டா பரணில் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால்தான் இறங்கும், அப்படித்தான். உப்பு குறைந்ததும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும். கடலுக்கான ஜீன்கள் அடங்கி, உப்பை உள்ளே இழுக்கிற ஜீன்கள் வேலைக்கு இறங்கும். சால்மன் மீனில் அந்தப் பம்புக்கே நன்னீருக்கு ஒரு வடிவம், கடலுக்கு இன்னொரு வடிவம் என்று இரண்டு இருக்கிறது.

சுறா, திருக்கையின் வழியே வேறு. அவை யூரியாவை ரத்தத்திலேயே தேக்கிக் கடலுக்கு ஈடு கொடுக்கின்றன. சுறாப் புட்டுக்கு வாங்கிய மீன் கொஞ்சம் பழசானால் மூக்கைத் துளைக்கிற அந்த நெடி, யூரியா அம்மோனியாவாக மாறுவதால் வருவது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன மழைக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் குளத்தில் கொடுவாக் குஞ்சு விட்டார். நல்ல உப்புத் தண்ணீரில் வந்த குஞ்சு. மழை நிரம்பிய குளத்தில் அப்படியே ஊற்றிவிட்டார்கள். கொடுவா நன்னீரிலும் வளரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யோசிக்கவில்லை. விடிந்து பார்த்தால் கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. அந்த அண்ணி ஒன்றும் பேசாமல் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஏற்கெனவே இருக்கிற பம்பை முடுக்கச் சில மணி நேரம் போதும். ஜீனைப் படித்து, புரதம் செய்து, புதுச் செல்லையே கட்டி முடிக்க நாள்கணக்கில் ஆகும். ஆகவே குஞ்சு வாங்குகிறவர்கள் இரண்டு தண்ணீரையும் அளந்து பாருங்கள். தொட்டியில் காற்று விட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 11, 12 வந்ததும் நிறுத்தி இளைப்பாற விடுங்கள். அப்புறம் மெதுவாக இறக்குங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

கடல் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது போல. இன்னொரு சொட்டு பார்க்கிறேன்... 14. அங்கே, கம்புக்குப் பக்கத்தில் துள்ளுகிறது பாருங்கள், மடவை. கூட்டமாக ஆற்றுக்குள்தான் போகிறது. கேமராவைத் திருப்புகிறேன், இருங்கள்.