பாமினியில் அடித்த பாடக்குறிப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்கள் உயர்கல்விக்கு வரும்போது அவர்களுக்கு என்னென்ன தேவைப்படுகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் புரியவைத்தது என்னிடம் படித்த ஒரு மாணவி. அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து பி.ஏ. தமிழ் படித்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. நன்னூல் பாடத்துக்கு நான் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டாள். "ஐயா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று இயர்போனை நீட்டினாள். அம்புக்குறி விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தினாள். ஜே. கே. பி. ஓ. செமிகோலன். "இது என்ன சொல்லுன்னே தெரியலைங்க ஐயா" என்றாள். திரையைப் பார்த்தேன். அங்கே இருந்த சொல் 'தமிழ்'.

நான் அடித்திருந்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான். மேலே தெரியும் உருவம் மட்டும் தமிழ். பார்வை உள்ள நமக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளோ உள்ளே இருப்பதை அப்படியே படிக்கும். யூனிகோடு என்ற பொது எழுத்துமுறையில் தமிழுக்கென்றே தனிக் குறியெண்கள் இருப்பதால் அதைச் சரியாகப் படித்துவிடும். அவள் பயன்படுத்திய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியது. அவள் பக்கம் எல்லாம் தயாராக இருந்தது. குறை என் கோப்பில் இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறிவிடும், ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். செல்போனில் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பக்கங்களுக்கும் இதே கதிதான். அது வெறும் படம். அப்படியே திறந்தால் மென்பொருளுக்குப் படிக்க அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அப்புறம் நூலகம். புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமே என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித் தர அனுமதி கொடுத்தாகிவிட்டது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. நூலகர்கள் தைரியமாகச் செய்யலாம்.

தேர்வைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல எழுதுபவரை ஸ்கிரைப் என்கிறோம். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஸ்கிரைப் வைத்து எழுதுகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். ஸ்கிரைபைத் தானே அழைத்து வருவதா, நிர்வாகத்திடம் கேட்பதா என்பதை அந்த வழிகாட்டுதல் மாணவரின் விருப்பத்துக்கு விட்டது. நிர்வாகம் ஏற்பாடு செய்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே இருவரும் சந்திக்க வழிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது.

அந்த இரண்டு நாள் எதற்கு? என் மாணவிக்கு ஒரு பருவத்தேர்வில் காலை ஒன்பதே முக்காலுக்கு, தேர்வறை வாசலில்தான் ஸ்கிரைபைக் காட்டினார்கள். இவள் 'அறம்' என்று சொல்ல, அந்தப் பிள்ளை 'அரம்' என்று எழுதியது. தமிழ் இலக்கியத் தாளில் அறம் அரமானால் மதிப்பெண் யாருக்குக் குறையும்? விடை தெரிந்தவளுக்குத்தான் குறையும். அடுத்த பருவத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, இருவரையும் ஒரு மாலை உட்காரவைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பார்க்கச் சொன்னேன். எங்கே நிறுத்திச் சொல்வது, எந்தச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டுவது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

நாற்பது சதவீத ஊனம் இருந்தால்தான் ஸ்கிரைப் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களா? எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த அளவுக்குக் குறைவாக இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உண்டென்றால் ஸ்கிரைப் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்தது கட்டடம். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நிறைய இடங்களில் இருப்பது ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போட்ட சரிவு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதில் நடப்பவருக்கே வழுக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த விதிகளும் பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. லிஃப்ட் வைக்கப் பணம் வரும்போது வரட்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாய் ஆகாது. நண்பர்கள் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளின் மனசு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் தூக்கப்படுகிறவர் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மறுபடி நாலு பேரைக் கூப்பிட வேண்டுமே.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து விண்ணப்பத்தில் ஊனத்தை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து சதவீத இடம் சட்டப்படி உண்டு, வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யுடிஐடி அட்டையின் நகலை இணைத்துக் கொடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே, பாடக்குறிப்பு எந்த வடிவில் வேண்டும், ஸ்கிரைப் வேண்டுமா, வகுப்பு எந்தத் தளத்தில் என்பதை எழுத்தில் கொடுத்து, கையொப்பமிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.