ஓட்டை பதினொன்று, ஸ்க்ரூ பத்து

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க. சோமனூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் அப்பாவோடு உட்கார்ந்து ரேடியோ, டேப்ரிக்கார்டர், டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரத்துக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவே இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நிறுத்தி, தேவைப்பட்டால் இரண்டு தடவை சொல்கிறேன்.

செல்போனால் வரும் ஆபத்துகளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் வெடித்து ஒருவருக்குக் காயம் என்றால் நாம் என்ன கேட்கிறோம்? "சார்ஜ் போட்டுக்கிட்டே பேசினாங்களா?" என்கிறோம். தறியில் கை மாட்டிக்கொண்டால், வண்டியில் போய் விழுந்தால், "போன் பார்த்துக்கிட்டு இருந்தானா?" என்கிறோம். ஆமாம் என்று பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் தலையாட்டினால் போதும், விசாரணை அங்கேயே முடிந்துபோகிறது. அப்புறம் அந்த போனை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தறியின் பெல்ட்டுக்கு மூடி இருந்ததா, ரோட்டில் குழி இருந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ரேடியோ காலத்தில் இப்படி இல்லை. பழைய வால்வு செட்டுகள் சிலவற்றில் உள்ளிருக்கும் இரும்புத் தகட்டுக்கே மின்சாரம் ஏறிவிடும். வால்யூம் குமிழ் கழன்று போயிருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைத் தொட்டவுடன் சுரீர் என்று அடிக்கும். அப்படி ஷாக் அடித்த செட்டை எங்கள் அப்பாவிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "செட்டுல ஏதோ பால்ட்டுங்க" என்பார்கள். "பாட்டு எதுக்குக் கேட்டீங்க?" என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அன்றைக்குப் பழுது செட்டில் இருந்தது. இன்றைக்குப் பழுதை ஆளிடம் தேடுகிறோம்.

இதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. மத்தியான நேரம் ஒருவர் கடைக்கு வந்தார். தறி ஓட்டுபவர், சட்டையெல்லாம் பஞ்சு. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு கேரி பை, அதற்குள் ஒரு போன். போன் என்று சொல்வதைவிடக் கரிக்கட்டை என்றே சொல்லலாம். "ஏனுங்கண்ணா, இதுல ஏதாச்சும் பார்க்க முடியுமுங்களா?" என்றார். உள்ளே இருக்கும் போட்டோ வேண்டும் என்கிறாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டது அதுவல்ல. அவருடைய மனைவி வீட்டுத் திண்ணையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். போனில் பாட்டை ஓடவிட்டு மடியில் வைத்திருக்கிறார். அது புகைந்து வெடித்து, உள்ளங்கையும் தொடையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உள்ளே கொண்டுபோனதும் வந்த முதல் கேள்வி, "சார்ஜ் போட்டுக்கிட்டே பேசினீங்களா?" அந்த அம்மா இல்லை என்றிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் தெருவே முடிவு பண்ணிவிட்டது, சார்ஜ் போட்டுக்கொண்டே பேசியதால்தான் வெடித்தது என்று. மாமியார் அந்த போனைத் தூக்கிக் குப்பைமேட்டில் வீசிவிட்டார். இவர் போய்க் கிளறி எடுத்து வந்திருக்கிறார்.

அவர் அதை எடுத்து வந்தாரே, அதுதான் பெரிய காரியம். இதைத் திரும்பவும் சொல்வேன்.

வாசலில் உட்கார்ந்து, மண்சட்டியில் மணல் போட்டு அதன்மேல் வைத்துத் திறந்தேன். எரிந்த பேட்டரியை மேசைமேல் வைத்துத் திறக்கக் கூடாது, திரும்பவும் பிடிக்கலாம். மேல்பக்கம் முழுக்க உருகிப் போயிருந்தது. அடிப்பக்கம், பேட்டரி உட்காரும் அலுமினியத் தட்டு மட்டும் ஓரளவுக்குத் தப்பியிருந்தது. பேட்டரியின் தோலை மெதுவாக உரித்தால், தட்டோடு ஒட்டிக்கொண்டு ஏதோ ஒன்று மினுங்கியது. மைக்ரோஸ்கோப்பின் கீழே கொண்டுபோனேன். ஒரு ஸ்க்ரூ. கடுகைவிடக் கொஞ்சம் நீளம். அதன் தலை பதிந்த இடத்தில் பேட்டரித் தோலில் ஒரு பள்ளம், பள்ளத்தின் நடுவே ஓட்டை.

"இந்த போனை யாராவது திறந்தாங்களா?" என்று கேட்டேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் டிஸ்பிளே உடைந்து, ஒரு கடையில் மாற்றியிருக்கிறார்கள். அப்புறம்தான் ஓட்டைகளை எண்ணினேன். உள் மூடியில் ஸ்க்ரூ போட வேண்டிய ஓட்டை பதினொன்று. போட்டிருந்தது பத்து. மீதி ஒன்று கழன்று பேட்டரிக்கு அடியில் விழுந்திருக்கிறது, கவனிக்காமல் அதன்மேலேயே பேட்டரியை அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு ஸ்க்ரூ அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். பேட்டரிக்குள் இருப்பது ரொம்ப நீளமான இரண்டு தகடுகள். தறியில் நெய்த துணி உருளையில் சுருளுகிற மாதிரி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டித் தட்டையாக்கி வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க நடுவே ஒரு சவ்வு. சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது கையில் ஒட்டுமே ஒரு மெல்லிய தோல், அப்படி. நம் தலைமுடியைவிட மெல்லியது. அந்தச் சவ்வு ஒரு இடத்தில் கிழிந்தாலும் இரண்டு தகடும் தொட்டுச் சூடாகும். அந்தச் சூட்டில் பக்கத்துச் சவ்வு உருகும், அங்கே இன்னும் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை நிறுத்த முடியாது. ஒயரைப் பிடுங்கினாலும் நிற்காது, போனை அணைத்தாலும் நிற்காது. இந்த அம்மா போனில் சார்ஜர் ஒயரே இல்லை. கவனியுங்கள், ஒயரே இல்லை.

டிஸ்பிளே மாற்றியவரைக் கூப்பிட்டுப் பேசினோம். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வந்து பாருங்கள் என்றேன். வந்தார், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், தானே ஒருதரம் எண்ணினார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நான் இதை மறக்காததற்குக் காரணம் வேறு. அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "நான் சார்ஜ் போடலைன்னு சொன்னேன்லங்கண்ணா, அதை எங்க அத்தைகிட்ட ஒருவாட்டி நீங்களே சொல்லிருங்க" என்றார். சொன்னேன். அந்தப் பெரியம்மா கொஞ்ச நேரம் மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கிலிருந்து என் கடையில் ஒரு பழக்கம். போனைத் திறக்கும்போது எத்தனை ஸ்க்ரூ என்று பில்லில் எழுதுவேன், மூடும்போது வாடிக்கையாளர் முன்னால் எண்ணிப் போடுவேன். நீங்களும் கேளுங்கள். எந்தக் கடையாக இருந்தாலும், "எத்தனை ஸ்க்ரூங்க?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிற கடையில் போனைக் கொடுக்காதீர்கள்.

தப்பு சிறு கடைகளில் மட்டும்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி, பிஎல்-5சி என்ற பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம் எண்ணிக்கை சூடேறலாம் என்று அறிவித்தது. ஜப்பானில் மாட்சுஷிடா கம்பெனி செய்து கொடுத்தவை. நாமெல்லாம் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கடையில் அன்றைக்கு வரிசை. 2016இல் சாம்சங்கின் நோட் 7. ஆகஸ்டில் வந்தது, செப்டம்பர் தொடக்கத்திலேயே சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன, அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். முதல் பேட்டரியில் மூலையில் இடம் போதாமல் உள்தகடு மடங்கியிருந்தது. இன்னொரு கம்பெனியில் செய்த இரண்டாவது பேட்டரியில் வெல்டிங் செய்த இடத்தில் பிசிறு. அந்தப் பிசிறும் நம் ஸ்க்ரூவும் செய்த வேலை ஒன்றுதான். அவ்வளவு பெரிய கம்பெனி, ஆளைக் குறை சொல்லாமல் பொருளைத் திறந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது.

அப்படியென்றால் வைத்திருப்பவர்மேல் தப்பே கிடையாதா? உண்டு. தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது தப்பு, சூடு வெளியேற வழியில்லை. பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்ட பிறகும், ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். போனை அணைத்து, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

சார்ஜர் விஷயம் வேறு. சுவரில் வருவது 230 வோல்ட், போனுக்குப் போவது பெரும்பாலும் 5 வோல்ட், இல்லையென்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்த இரண்டும் கலக்காமல் சார்ஜருக்குள் ஒரு இடைவெளி இருக்கும், வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே கரை இருக்கிற மாதிரி. எழுபது ரூபாய்க்கு விற்கிற பேர் இல்லாத சார்ஜரைத் திறந்து பார்த்தால் பல சமயம் அந்தக் கரை பேருக்குத்தான் இருக்கும். அது உடைந்தால் 230 வோல்ட்டும் உங்கள் கைக்கு வரும், அதுவும் ஈரக் கை என்றால் சொல்லவே வேண்டாம். நம் நாட்டில் போன், சார்ஜர், பேட்டரி மூன்றுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். ஐஎஸ்ஐ மாதிரி ஒரு முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும். வாங்கும் முன் பாருங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொருளால் தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று அதில் தனி அத்தியாயமே உண்டு. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை என்றால் தயாரித்தவர் பொறுப்பு, போதுமான எச்சரிக்கை சொல்லாமல் விட்டாலும் அவர்தான். பழுது பார்த்ததில் குறை என்றால் என்னைப் போன்றவர் பொறுப்பு. விற்றவருக்கும் உண்டு. தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவரைக் கேட்கலாம். அந்த எழுபது ரூபாய் சார்ஜருக்கு இதுதான் வழி. பொருளை நீங்களே மாற்றி அமைத்திருந்தாலோ, தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர்மேல் போக முடியாது, அதுவும் நியாயம்தான். பொறுப்பு இன்னாருடையது என்று பொருளைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அதனால்தான் சொல்கிறேன், எரிந்த போனை வீசாதீர்கள். ஆறிய பிறகு மணலில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள், கிடந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், சார்ஜர், பில், பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். நூறு ரூபாய் குறையும் என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். இரண்டு வருஷத்துக்குள், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

வண்டி ஓட்டும்போது போன் பேசுவதைப் பற்றி, ஆழியாற்றிலும் கொடிவேரியிலும் செல்பி எடுப்பதைப் பற்றியெல்லாம் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். அதனால் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று.

மொபைல் ஸ்டார்ட்டர் இப்போது நிறையத் தோட்டங்களில் இருக்கிறது. வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டுகிறோம், ராத்திரி எழுந்து போக வேண்டியதில்லை, அருமையான வசதி. ஆனால் மூன்று பேர் எண் அதில் பதிந்திருக்கும். அப்பா மோட்டார் ரூமில் கையை விட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார், கோயமுத்தூரில் இருக்கும் மகனுக்கு அது தெரியாது, கரண்ட் வந்திருக்கும் என்று அவன் ஒரு அழைப்பு கொடுப்பான். மோட்டார் கிளம்பிவிடும். இதில் யார்மேல் தப்பு என்று பிறகு பேசி என்ன ஆகப் போகிறது? "நான் மோட்டார்கிட்ட இருக்கிறேன்" என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னால் மட்டும் போதாது. ஸ்டார்ட்டரை ஆட்டோவிலிருந்து மாற்றினாலும் போதாது. மூன்று ப்யூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் மோட்டாரில் கை வையுங்கள். மூன்றையும் பிடுங்குங்கள், சட்டைப் பையில் போடுங்கள், அப்புறம் கை வையுங்கள். வணக்கமுங்க.