'வீடு திருப்தியா?' என்று கேட்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகள் தாங்கள் குடியிருக்கும் வீட்டில் மனநிறைவோடு இருக்கிறார்களா, அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சமூகப்பணித் துறையில் ஆசிரியராக இருப்பதால், கேள்வித்தாளோடு மாணவர்களைச் சென்னைக் குடியிருப்புகளுக்கு அழைத்துப் போவது என் வேலையின் ஒரு பகுதி. 'இந்த வீடு உங்களுக்குத் திருப்தியா?' என்ற வரி அந்தத் தாள்களில் பெரும்பாலும் இருக்கும். அதற்கு வரும் பதிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம் என்பது என் உறுதியான கருத்து.

வடசென்னையில் லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில், இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் பாதிக்கப்பட்ட ஓர் அம்மாவைச் சந்தித்தோம். 'வீட்டுக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கு. வாடகைத் தொல்லை இல்ல' என்றார். மாணவி 'திருப்தி' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டார். பிறகு, குளிப்பது எப்படி என்று கேட்டேன். தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்கக் குளியலறை வாசலில் அரையடி உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்ட மகள் கைகொடுக்க வேண்டும். மகள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதனால் பகலில் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை என்று, குறையாகக்கூடச் சொல்லாமல், அன்றாட வழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியாக எப்போது கீழே இறங்கினீர்கள் என்றதற்கு, 'பொங்கலுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரிக்குப் போனப்ப' என்றார். நாங்கள் போனது ஆடி மாதத்தில்.

அவர் 'நல்லாத்தான் இருக்கு' என்றதும் உண்மைதான். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் விருப்பங்களையே சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்கள் சொல்லும் மனநிறைவை நல்வாழ்வின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் வலியுறுத்தி வந்திருக்கிறார். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவருக்கு எந்தக் கான்கிரீட் வீடும் முன்னேற்றம்தான். குறை சொன்னால் அரசு தந்த வீட்டின் ஒதுக்கீட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. இவை போதாதென்று, பல வீடுகளில் பதில் சொல்பவர் அண்ணனோ மாமியாரோதான். காது கேளாதவரிடமும் அறிவுசார் குறைபாடு உள்ளவரிடமும் நேரடியாக ஒரு கேள்விகூடக் கேட்கப்படுவதில்லை.

எனவே, செயலைக் கேட்க வேண்டும். வாசல் கதவை நீங்களே திறக்கிறீர்களா, தனியாகக் குளிக்க முடிகிறதா, கரண்ட் போனால் எப்படி இறங்குவீர்கள், இந்த வீட்டில் இருப்பதென்று முடிவெடுத்தது யார் என்றெல்லாம் கேட்டால், 'திருப்தி' என்ற சொல் மூடி வைத்திருந்தது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சென்னைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதாலும், 2015ஆம் ஆண்டு வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் தந்த அச்சத்தாலும், புதிதாகக் கட்டுவோர் வீட்டின் தரைமட்டத்தை மூன்றடி, நான்கடி உயர்த்திவிடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. மூன்றடி உயர்த்தினால் 36 அடி. அரை கிரவுண்டு மனையில் அதற்கு இடம் ஏது? பைக் ஏற்றுவதற்காகப் போட்ட செங்குத்தான சரிவைக் காட்டி, 'ரேம்ப் இருக்கே சார்' என்கிறார்கள். தரைத்தளம் முழுவதையும் வண்டி நிறுத்த ஒதுக்கிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருக்கும். அந்த லிஃப்டுக்கு முன்னால் மூன்று படிகளும் இருக்கும். உள்ளே போனாலும், இரண்டரை அடிக் குளியலறைக் கதவில் சட்டம் போக மிஞ்சும் இடைவெளியில் பெரும்பாலான சக்கர நாற்காலிகள் நுழையாது.

கீழ்த்தளம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டுதலும் மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களுக்குக் கீழ்த்தளத்திலோ தாழ்வான தளங்களிலோ முன்னுரிமை தரச் சொல்கிறது. நல்ல விதிதான். இருந்தாலும் மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான். மோட்டார் பொருத்திய நாற்காலி நனைந்தால் அதை நம்பியிருப்பவரின் நடமாட்டமே முடங்கிவிடும். மேல்தளமோ லிஃப்டை நம்பியிருக்கிறது. அரசு மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களின் உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் நின்றால், மேல்தளத்துச் சக்கர நாற்காலிக்காரர் அது மீண்டும் ஓடும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஆகவே இரண்டையும் விளக்கிச் சொல்லி, எந்தத் தளம் என்ற முடிவைக் குடியேறப் போகிறவரிடமே விட வேண்டும். அரசு கட்டும் பெரிய குடியிருப்புகளில் சாய்தளத்துக்கு இடமில்லை என்ற காரணத்தை நான் ஏற்கமாட்டேன்.

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் கடினம். 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று சொல்லிக் கொடுக்கும் வீட்டில், கழிப்பறைச் சுவரில் துளையிட்டுக் கைப்பிடி பொருத்த எப்படி அனுமதி கிடைக்கும்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு அரசுத் திட்டங்களின் வீட்டு ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தர வேண்டும், அவர்களில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் புழங்கும்படி கட்டுவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி முடிப்புச் சான்றிதழ் தரக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமான தரங்களாக வகுக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படியும் கதவும் மட்டுமே வீடு என்று நான் சொல்லவில்லை. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பேனியன்' அமைப்பு, நீண்டகால மனநோயோடு வாழ்பவர்கள் காப்பகத்திலேயே முடங்கிவிடாமல், சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் சிலராகச் சேர்ந்து குடியிருக்கும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்துகிறது. இன்று என்ன சமைப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்வது, நம்மில் பலர் பொருட்படுத்தாத ஒன்று. பல ஆண்டுகள் பிறர் வைத்ததைச் சாப்பிட்டவருக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் நேயர்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு, எந்தத் தளம் வேண்டும், கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்கு யாராவது வந்தால், வீட்டிலுள்ள மாற்றுத்திறனாளியையே பேச விடுங்கள். வந்தவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடாமல், அழைத்துப் போய்க் குளியலறையைக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.