கிண்ணத்தை எடுத்துட்டு பணியாரக்கல்லை வெச்சேன்

ஓடுதா... ஆங், ஓடுது. வணக்கம் வணக்கம். பின்னாடி கேக்குற கத்தல் நம்ம சாமந்திதான், மணி ஏழே கால் ஆச்சு, இன்னும் சாப்பாடு வரலன்னு கோவத்துல இருக்கா. ரெண்டு நிமிஷம் பொறு தங்கம். புதுசா வந்தவங்களுக்கு சொல்லிடறேன், சாமந்தி ஒரு சன் கானூர் கிளி, மூணு வயசு, கலரைப் பாத்தாலே பேரு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிடும், எங்க தெருவுல இவளைப் பாக்காதவங்களுக்குக் கூட சத்தத்தை வெச்சு இவளைத் தெரியும்.

போன வீடியோவுல அவ நெஞ்சுல இறகு இல்லாம சொட்டையா இருந்த இடத்தைக் காட்டினேன்ல, அது என்னாச்சு என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. இங்க பாருங்க, கிட்ட காட்டுறேன்... ஏய் லென்ஸைக் கடிக்காத. தெரியுதா, பூப்பூவா புது இறகு முளைக்குது, உறையோட குச்சி குச்சியா இருக்கே அதுதான். முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா புடுங்குறதை நல்லாவே குறைச்சிட்டா.

என்ன நடந்துச்சுன்னா, எனக்கு வீட்டுல இருந்து வேலை பாக்குறது முடிஞ்சு ஆபீஸ் போக ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் இந்தப் புடுங்கல் ஆரம்பிச்சுது. நான் பேனோ உண்ணியோ ஃபங்கஸோன்னு பயந்து பறவை பாக்குற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன், அவரு ரத்தம், தோல் எல்லாம் டெஸ்ட் எடுத்தாரு, எல்லாமே நார்மல். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "இவ நாள் பூரா என்ன பண்றா?" எனக்கு வார்த்தையே வரல. ஏன்னா என்ன பண்றான்னு எனக்குத் தெரியும், ஒண்ணும் பண்றதில்ல. காலைல எட்டு மணிக்கு கிண்ணம் நிறைய போடுவேன், அம்மிணி முதல்ல சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்குவா, மீதியை வாரி வெளிய வீசுவா, இருபது நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆறரைக்கு நான் வர்ற வரைக்கும் பத்து மணி நேரம் அந்தக் குச்சி மேல உக்காந்திருப்பா. நம்மளை ஒரு ரூம்ல உக்கார வெச்சு பத்து மணி நேரம் போன் குடுக்காம விட்டா நாமளும் நகத்தைக் கடிப்போம், அவகிட்ட இருந்தது இறகு.

சரி இப்ப முதல்ல இதை செட் பண்ணிடறேன், இல்லன்னா என்னைப் பேச விடமாட்டா. இது எங்க அம்மாவோட பழைய பணியாரக்கல், இரும்பு, கைப்பிடி உடைஞ்சு போய் பரண்ல கிடந்தது. ஏழு குழி. ஒரு குழியில கொஞ்சம் பெல்லட், அதான் கடையில விக்கிற உருண்டைத் தீனி, அடுத்ததுல முளைகட்டின பச்சைப்பயறு, இதுல கேரட் துருவல், இதுல தினை, இது ரெண்டுலயும் முருங்கைக்கீரை, ஓரத்துல இருக்குற குழியில மட்டும் ஒரு துண்டு வால்நட், அதுதான் பரிசு. இப்ப ஒவ்வொரு குழி மேலயும் வெள்ளைப் பேப்பரை உருண்டையா கசக்கி மூடிடறேன். அவ்வளவுதான், இனி அவளே தேடித் திங்கணும். வெளிநாட்டுல கேக் சுடுற தட்டுல இப்படி வைப்பாங்க, நம்ம வீட்டுல அதை விட நல்லதே இருக்கு. பல்லாங்குழிப் பலகை இருந்தாலும் சூப்பர், ஆனா வார்னிஷ் அடிச்சிருந்தா வேண்டாம். அதே மாதிரி நான்ஸ்டிக் பணியாரக்கல்லும் வேண்டாம், அலகால சுரண்டுவாங்க. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்புல ஓவரா சூடானா வர்ற புகை நமக்கு ஒண்ணும் தெரியாது, பறவையைக் கொன்னுடும், கிளி இருக்குற வீட்டுல அதை சமையலுக்கும் வெச்சிக்காதீங்க.

வெச்சாச்சு. பாருங்க, கத்தல் நின்னுடுச்சு. இனிமே பேசலாம்.

எங்க வீடு சிங்காநல்லூர் பக்கம், மொட்டை மாடியில நின்னா காலைல ஆறு ஆறரைக்கு பச்சைக்கிளிக் கூட்டம் கீகீன்னு போறது தெரியும். டாக்டர்கிட்ட போய்ட்டு வந்த வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் சும்மா டீயை வெச்சுக்கிட்டு அதுங்களையே பாத்துட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு கொய்யா மரத்துல நாலஞ்சு வந்து உக்காந்துச்சு, ஒரு காயைக் கடிச்சுப் போடுது, இன்னொண்ணை ஒரு கால்ல புடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்து விதையை மட்டும் நோண்டுது, அப்புறம் வேப்பமரம், அங்க தலைகீழா தொங்கி ஒரு பழம், அப்புறம் சண்டை, அப்புறம் எங்கயோ பறந்து போய் திரும்ப வருது. ஒண்ணரை மணி நேரம் ஓடிருச்சு, அதுங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல. போர்ட்டோ ரிக்கோ அமேசான்னு ஒரு கிளி, அது காட்டுல ஒரு நாளைக்கு நாலுல இருந்து ஆறு மணி நேரம் தீனி தேடுறதுலயே போக்கும், அதுக்குச் சொந்தமான ஆரஞ்சு இறக்கை அமேசானைக் கூண்டுல வெச்சு கிண்ணத்துல பெல்லட் போட்டா அரை மணியில இருந்து ஒரு மணி சொச்சத்துல முடிச்சிடும். மீதி நேரத்துக்கு அது எங்க போகும் சொல்லுங்க.

கலிஃபோர்னியாவுல டேவிஸ் யூனிவர்சிட்டியில இதே ஆரஞ்சு இறக்கை அமேசான் இளங்கிளிகளை வெச்சு 48 வாரம் பாத்திருக்காங்க, 2003-ல பேப்பர் வந்துச்சு. ஒரு குரூப்புக்கு தேடித் திங்கிற வசதி, ஏறி இறங்க விதவிதமான குச்சி, பொம்மை எல்லாம், இன்னொரு குரூப்புக்கு வெறும் கூண்டு. வெறும் கூண்டுல இருந்ததுங்கதான் இறகைப் புடுங்கிச்சு, அப்புறம் அதுங்களுக்கும் இந்த வசதியைக் குடுத்ததும் இறகு தேறிச்சு. அதைப் படிச்சப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் தைரியமே வந்துச்சு.

இடையில ஒண்ணு, பச்சைக்கிளியைப் பத்தி சொன்னதும் அண்ணா நானும் ஒண்ணு வாங்கட்டுமான்னு கேப்பீங்க. கூடாதுங்க. நம்ம நாட்டுக் கிளி எதையும் வீட்டுல வளர்க்கக் கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். சன் கானூர் மாதிரி வெளிநாட்டுக் கிளியா இருந்தாலும் பரிவேஷ்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ணணும், சாமந்திக்குப் பண்ணியாச்சு.

ஓ, முதல் உருண்டை போச்சு! கேரட் குழி. பாத்தீங்களா, பேப்பரைத் தூக்கி அந்தப் பக்கம் எறிஞ்சா. கேரட்டை நக்கிட்டு அடுத்ததுக்குப் போய்ட்டா.

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்றேன், இதைக் கேக்காம போய்டாதீங்க. டாக்டர் அந்தக் கேள்வி கேட்ட அன்னைக்கே ராத்திரி ஆன்லைன்ல ஒரு அக்ரிலிக் சக்கரம் ஆர்டர் பண்ணினேன், சுத்தினா கதவு திறந்து விதை விழும், 1,400 ரூபா. வந்ததும் கூண்டுல மாட்டிட்டு கிண்ணத்தை எடுத்துட்டேன். புள்ளை கத்துக்கும்னு நினைப்பு. அவ என்ன பண்ணினான்னா கூண்டோட இன்னொரு மூலையில போய் ஒட்டிக்கிட்டு அந்தச் சக்கரத்தையே முறைச்சுப் பாத்துட்டு இருந்தா, அன்னைக்கு பூரா. கிளிக்கு புதுசா எது வந்தாலும் அது பாம்பு. நான் வீம்புக்கு சாயங்காலம் மட்டும் கொஞ்சமா போட்டு மூணு நாள் ஓட்டினேன், மூணாம் நாள் காலைல கிச்சன் தராசுல நிக்க வெச்சா 112 கிராம் இருந்தவ 104. எட்டு கிராம்தானேன்னு தோணும், ஆனா நூறு சொச்சம் கிராம் உடம்புல அது ஏழு சதவீதம், அறுபது கிலோ ஆளு மூணு நாள்ல நாலு கிலோ குறைஞ்ச மாதிரி. கை நடுங்கிருச்சு. உடனே கிண்ணம் திரும்ப வந்துருச்சு, சக்கரம் டப்பாவுக்குள்ள போயிருச்சு.

பசி போட்டா தானா தேடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. தேடத் தெரியாத பறவை சாப்பாட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து பட்டினி கிடக்கும். கிராம் காட்டுற தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க, தினமும் காலைல முதல் எச்சம் போட்டப்புறம், சாப்பாட்டுக்கு முன்னாடி எடை. பத்து சதவீதத்தை நெருங்குச்சுன்னா விளையாட்டை நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கணும்.

அப்புறம் நான் எப்படி ஆரம்பிச்சேன்னா, அதே கிண்ணம், அதே இடம், அதே தீனி, மேல ஒரு சின்னத் துண்டு பேப்பர் பாதி மூடின மாதிரி. சாப்பாடு கண்ணுக்குத் தெரியும், பேப்பரைத் தள்ளணும், அவ்வளவுதான் வேலை. ரெண்டு நாள் பேப்பரைச் சுத்தியே சாப்பிட்டா, மூணாவது நாள் இழுத்துப் போட்டா. அடுத்த வாரம் முழுசா மூடினேன். அப்புறம் நம்ம சுண்டல் பொட்டலம் இருக்குல்ல, கூம்பா சுருட்டி, அதுக்குள்ள தினை போட்டு வாயை லேசா மடிச்சு அவ கண்ணு முன்னாடியே வெச்சேன். உள்ள போடுறதை அவ பாக்கணும், அது முக்கியம். முதல் பொட்டலத்தை நானே கிழிச்சு ஒரு விதையை எடுத்து, ஆஹா என்ன ருசின்னு நடிச்சேன், பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல்ல பாத்துட்டு சிரிச்சாங்க, பரவால்ல. கிளி கூட்டத்தோட திங்கிற ஜீவன், இன்னொருத்தர் திங்கிறதைப் பாத்தாதான் அதுக்கு நம்பிக்கை.

இப்ப கூண்டுல ஒரு கிண்ணம் கூட இல்ல, தண்ணி மட்டும்தான். ஆறு இடத்துல சாப்பாடு. மேல ஈரத்தோட ஒரு கட்டு முருங்கைக்கீரை தலைகீழா தொங்கும், அதுல முதல்ல குளிப்பா, அப்புறம்தான் திம்பா. வெறும் விதையா தின்னுட்டு இருந்தவளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு வரும்னு டாக்டர் பயமுறுத்தியிருந்தாரு, கீரைக் கிண்ணத்தைத் திரும்பிக் கூடப் பாக்காதவ தொங்க விட்டதும் உரிச்சு எடுக்குறா. கொட்டாங்குச்சியில ஓட்டை போட்டு ஒண்ணு, மக்காச்சோளத்தை மேல்தோலோட அப்படியே ஒண்ணு, உரிக்கவே அரை மணி நேரம் ஆகும் அவளுக்கு. மக்காச்சோளம், பயறு மாதிரி ஈரமானது எல்லாம் நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும். ஆபீஸ் நாள்ல அதனால கிளம்பும்போது காஞ்ச தீனி மட்டும்தான் ஒளிச்சு வெப்பேன்.

எதை எல்லாம் வைக்கக் கூடாதுன்னா, ஸ்டேப்ளர் பின் இருக்குற பேப்பர், கடையில பில்லு அடிக்குற அந்த வழுவழு பேப்பர், கலர் நோட்டீஸ். தொங்க விடுறதுக்கு ஜிஐ கம்பி கூடவே கூடாது, அதுல இருக்குற துத்தநாகம் விஷம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்கிக்கோங்க. பிரிஞ்ச நூல் கால் விரல்ல சுத்தினா விரலே போயிடும். பழைய நிலக்கடலையைத் தோலோட போடாதீங்க, பூசணம் புடிச்சிருந்தா ஈரல் போகும். அவகாடோ, சாக்லேட், காபி இது எதுவும் பக்கத்துலயே வரக் கூடாது, டீக்குடிச்ச பேப்பர் கப்பைத் தூக்கிப் போட்டு விளையாட விடறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அடடே, நாலு குழி காலி. நான் பேசுற சாக்குல பயறை முடிச்சிட்டா.

இதுல எனக்கு வந்த பெரிய எதிர்ப்பு சாமந்திகிட்ட இருந்து இல்ல, எங்க அம்மாகிட்ட இருந்து. ஏன்டா கண்ணு, வாயில்லாத ஜீவனைப் போய் சோத்துக்கு அலைய விடறியேன்னு ஒரே புலம்பல். ஒரு வாரம் எடை ஏறிட்டே போச்சு, 112, 115, 118, எனக்கு ஒண்ணும் புரியல, எல்லாத்தையும் அளந்து வெச்சிட்டுத்தானே போறேன். அப்புறம் பாத்தா, நான் கிளம்பினதும் பின்னாடியே அம்மா ஒரு டவரால சூரியகாந்தி விதையைக் கொட்டி "இந்தா அம்மிணி நீ தின்னு"ன்னு வெச்சிருக்காங்க. ஆனா அதுல ஒரு அதிசயம், அவங்களேதான் சொன்னாங்க. டவரா முன்னாடி இருக்கும்போதே இவ பாதியில விட்டுட்டு கொட்டாங்குச்சிக்குப் போய் நோண்டுறாளாம், ரெண்டுலயும் அதே விதைதான். இதுக்கு ஒரு பேரே இருக்குங்க, கான்ட்ராஃப்ரீலோடிங். 1963-ல ஜென்சன்னு ஒருத்தர் எலிங்களை வெச்சுப் பாத்தது, பக்கத்துல கிண்ணத்துல சும்மா தீனி இருந்தும் நிறைய எலிங்க கம்பியை அழுத்தி அழுத்தித்தான் வாங்கித் தின்னுச்சாம். நான் இதை அம்மாகிட்ட விளக்கினேன், எலிக்கும் உனக்கும் வேற வேலை இல்லையான்னுட்டாங்க. ஆனா அன்னைக்கு சாயங்காலம் வந்து பாக்குறேன், அம்மா ஒரு பாக்குமட்டைத் தட்டைக் கிழிச்சு அதுக்குள்ள தினையைச் சொருகிட்டு உக்காந்திருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கல.

சரி, ஆறு குழி ஆச்சு. இப்ப ஏழாவது, வால்நட். கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், சத்தம் போடாதீங்க. உருண்டையைப் புடிச்சா... தூக்கிட்டா... உள்ள பாத்தா... வால்நட் இருக்குடி, எடு. எடு. ஐயோ, அதை விட்டுட்டு பேப்பர் உருண்டையைத் தூக்கிட்டு மேல போய்ட்டா. உக்காந்து அதைக் கிழிக்கிறா. வால்நட் அப்படியே கிடக்கு. இது கிலோ என்ன விலைன்னு தெரியுமாடி உனக்கு.

சரி, எனக்கு ஆபீஸுக்கு லேட் ஆச்சு, கொட்டாங்குச்சியை நிரப்பிட்டு ஓடணும். உங்க வீட்டுல எது ஒளிச்சு வெச்சீங்கன்னு கீழ எழுதுங்க. அம்மா, அந்த டவராவை மட்டும் எடுத்து உள்ள வெச்சிடும்மா.