கோர்களை எண்ணுவதற்கு முன்

எல்லோருக்கும் வணக்கம். சர்வர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை கோர் எடுக்கலாம்?” என்றுதான். கோர் என்பது செயலிக்குள் (ப்ராசசர்) தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. அதில் என்ன வேலை ஓடப்போகிறது என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை.

2021-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட எபிக் என்ற சர்வர் செயலி வரிசையில் இரண்டு செயலிகளைப் பாருங்கள். 7763-இல் 64 கோர்கள், அடிப்படை வேகம் 2.45 கிகாஹெர்ட்ஸ். 72எஃப்3-இல் எட்டே கோர்கள், வேகம் 3.7. இரண்டிலும் எல்3 கேஷ், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம், 256 எம்பிதான். பங்கு போட்டால் முதலாவதில் கோருக்கு 4 எம்பி, இரண்டாவதில் 32.

எட்டு கோருக்கு இவ்வளவு கேஷ் எதற்கு? பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் என்டர்பிரைஸ் பதிப்புக்கு லைசன்ஸ் கோர் கணக்கில்தான். நேரடியாக அந்த இயந்திரத்திலேயே நிறுவினால் 64 கோருக்கும் பணம் கட்ட வேண்டும். செயலியின் விலையை விட அந்தச் செலவு பெரிதாகிவிடும். எட்டு கோர் என்றால் எட்டுக்கு மட்டும்தான்; அந்த எட்டும் வேகமாக வேலை செய்யத்தான் அவ்வளவு கேஷ். சர்வர் கொட்டேஷனில் லைசன்ஸ் செலவு வராது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதக் கடைசி சம்பளக் கணக்கு மெதுவாக ஓடுகிறது என்று கோர் அதிகமுள்ள சர்வர் வாங்க வைத்தேன். கணக்கு முடிய பழைய நேரமேதான் ஆனது. ஒரு கோர் திணறிக்கொண்டிருந்தது, மற்றவை சும்மா இருந்தன. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று எழுதப்பட்ட நிரல் அது. வேலையில் 5 சதவீதம் அப்படி வரிசையாக நடந்தாக வேண்டியது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் 20 மடங்கு வேகத்தைத் தொட முடியாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே சுட்டிக்காட்டிய வரம்பு இது.

அதனால் வாங்கும் முன், இப்போதுள்ள சர்வரை ஒரு மாதம் கவனியுங்கள். மாதக் கடைசி நாள் அதில் கட்டாயம் வரட்டும். ஒரே கோர் நிரம்பி மற்றவை காலியாக இருந்தால் வேகமான கோர் தேடுங்கள். எல்லாமே நிரம்பி வழிந்தால், அதாவது நிறைய விர்ச்சுவல் மெஷின்களோ (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை) நிறைய பேர் வரும் இணையதளமோ ஓடினால், 64 கோர் நியாயமான தேர்வு. எந்தக் கோரும் நிரம்பாமல் வேலை மட்டும் இழுக்கிறதா? அப்படியென்றால் டிஸ்க்கையும் ராமையும் பாருங்கள், புதுச் செயலிக்குப் பணம் போடாதீர்கள்.

ராம் என்றதும் இன்னொன்று. இந்த எபிக் செயலிகளுக்கு எட்டு மெமரி சேனல்கள், அதாவது ராமுக்கும் செயலிக்கும் இடையே தரவு போகும் பாதைகள். 256 ஜிபி வேண்டுமென்றால் 64 ஜிபி ராம் நான்கு போடுவதை விட 32 ஜிபி எட்டு போடுவதே சரி. நான்கு போட்டால் பாதிச் சேனல்கள் காலியாகவே கிடக்கும். ஆர்டர் கொடுக்கும்போது எத்தனை ராம் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.