பத்து மணிக்கு விழுந்த அடி, பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்த வலி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தை ஒத்திவைத்து வந்திருக்கும் தருமபுரி மக்களே, வணக்கம்.

"அமெரிக்காவில் கோனன் ஓப்ரையன் நடத்திய 'டுநைட் ஷோ' ஏழே மாதத்தில் முடிந்துபோனதற்குப் பெரிதும் காரணம் நடத்தியவரா, நிறுவனமா?" இதுதான் தலைப்பு. 'டுநைட் ஷோ' என்பது ராத்திரியில் சிரிக்க வைத்து, நட்சத்திரங்களைப் பேட்டி எடுக்கும் நிகழ்ச்சி; நடத்தியவர் நகைச்சுவைக்காரர் கோனன், நிறுவனம் அதை ஒளிபரப்பும் என்.பி.சி. நடத்தியவர்தான் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குடிக்கட்டும். இனிமேல் அவருக்கு நிறையத் தேவைப்படும்.

அமெரிக்க ராத்திரி டி.வி.க்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம் என்று யாராவது நினைத்தால், விடிய விடிய உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில் நம்ம ஊரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன். பதினெட்டு நாள் பாரதம் நடக்கிற ஊரில் கூத்து எப்படித் தொடங்கும்? முதலில் கட்டியக்காரன் வருவான். கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார வைப்பான். அப்புறம்தான் திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வேஷம் வரும். முன்ராத்திரி சொதப்பிவிட்டால், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது எதிரே நாலு நாய்தான் படுத்திருக்கும். அது அர்ச்சுனன் வேஷம் கட்டினவர் குற்றமா? நம்ம ஊர்ப் பிள்ளையைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லும். என்.பி.சி. நிறுவனம் சொல்லவில்லை. அதுதான் வழக்கு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டுநைட் ஷோ' 1954 செப்டம்பர் 27-இல் தொடங்கியது. ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது வருடம் நடத்தினார். அவருக்குப் பின் ஜே லெனோ. 2004 செப்டம்பர் 27, நிகழ்ச்சிக்குப் பொன்விழா நாள். அன்றைக்கு ஓர் அறிவிப்பு: 2009-இல் லெனோ இறங்குவார், கோனன் ஏறுவார். லெனோ அப்போது முதலிடத்தில் இருந்தவர். முதலிடத்தில் இருப்பவரை எதற்காக ஐந்து வருடம் முன்னதாகவே தேதி குறித்து இறக்க வேண்டும்? கோனனை வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். சரி, 2009 நெருங்கியது. இப்போது லெனோ போட்டி நிறுவனமான ஏ.பி.சி.க்குப் போய்விடுவாரோ என்று பயம். 2008 டிசம்பரில் இன்னோர் அறிவிப்பு: லெனோவுக்கு வாரம் ஐந்து நாளும் இரவு பத்து மணி. ரெண்டு மாட்டையும் ஒரே கொட்டகையில் கட்டிவிட்டால் ஒன்றும் அடுத்தவன் சந்தைக்குப் போகாதல்லவா! தீனி ஒரு தொட்டிதான் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நடுவர் அவர்களே, அந்த ராத்திரியின் கட்டமைப்பைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வழக்கே அதில்தான் இருக்கிறது. எட்டு மணி முதல் பதினொன்று வரை நியூயார்க், கலிபோர்னியா பக்கம் நாடகத் தொடர்கள். அது நிறுவனத்தின் நேரம். பதினொன்று முதல் பதினொன்று முப்பத்தைந்து வரை அந்தந்த ஊர் நிலையத்தின் செய்தி. அது உள்ளூர்க்காரர் நேரம். பதினொன்று முப்பத்தைந்துக்கு 'டுநைட் ஷோ'. இதில் என்.பி.சி.க்குச் சொந்தமான நிலையங்கள் கொஞ்சம்தான். மீதி இருநூற்றுச் சொச்சம் நிலையங்கள் வேறு முதலாளிகளுடையவை, ஒப்பந்தத்தில் என்.பி.சி. நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்புகிறவர்கள். அவர்களுக்குப் பெரிய வருமானமே அந்த ராத்திரிச் செய்தியில் வரும் உள்ளூர் விளம்பரம்தான். பத்து மணிக்கு நல்ல நாடகம் ஓடினால், பார்த்தவர் ரிமோட்டைத் தொடாமல் செய்தி பார்ப்பார். செய்தி முடிந்ததும் பாதித் தூக்கத்தில் 'டுநைட் ஷோ' பார்ப்பார். பத்தில் ஆள் குறைந்தால் பதினொன்றில் குறையும். பதினொன்றில் குறைந்தால் பதினொன்று முப்பத்தைந்தில் குறையும். கால்வாயில் தலைமடை அடைத்தால் கடைமடை காயும். இதை விவசாயம் செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தலைமடையில் லெனோவை உட்கார வைத்தார்கள். ஏன்? செலவு. ஒரு மணி நேர நாடகம் ஒன்றுக்குச் சுமார் 30 லட்சம் டாலர். லெனோவின் ஒரு நாள் நிகழ்ச்சிக்குச் சுமார் 4 லட்சம் என்று அன்றைக்குப் பேசப்பட்ட கணக்கு. பார்க்கிற கூட்டம் குறைந்தாலும் கட்டுப்படியாகும் என்று நினைத்தார்கள். நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும், உள்ளூர் நிலையத்துக்கு? அவர்களுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை, நஷ்டம் மட்டும் முழுசாக வரும். பாஸ்டனில் டபிள்யூ.எச்.டி.எச். நிலையம் 2009 ஏப்ரலிலேயே, லெனோ ஒரு நிகழ்ச்சிகூட நடத்துவதற்கு முன்பே, "பத்து மணிக்கு நாங்கள் எங்கள் செய்தியைப் போட்டுக்கொள்கிறோம்" என்று சொன்னது. உன் ஒப்பந்தத்தையே பறிப்போம் என்று என்.பி.சி. மிரட்டியது. நிலையம் பணிந்தது. கண்ணுள்ளவன் ஒருத்தன் சொன்னான், வாயை அடைத்தார்கள். இதிலே கோனன் எங்கே வருகிறார்?

எதிரணித் தலைவர் ஒரு புள்ளிவிவரத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். 2009 ஜூன் 1, முதல் நாள் 90 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். பிறகு சராசரி சுமார் 25 லட்சத்துக்கு இறங்கியது. போட்டியாளர் டேவிட் லெட்டர்மேன் சி.பி.எஸ்.ஸில் முந்தினார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் கூட்டம் கல்யாண வீட்டுக் கூட்டம். அதை வைத்துக் குடித்தனத்தை எடைபோடலாமா? லெனோவின் பத்து மணி நிகழ்ச்சியும் செப்டம்பர் 14-இல் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்களோடு தொடங்கி, சில வாரங்களிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இன்னொன்று, விளம்பரக்காரர்கள் தலையை எண்ணிக் காசு தருவதில்லை, வயதை எண்ணித் தருகிறார்கள். 18 முதல் 34 வயதுக்காரர்களிடம் கோனன்தான் முன்னால் இருந்தார். எதிரணித் தலைவர் தாளில் அந்த வரியை மட்டும் எறும்பு தின்றுவிட்டது போலிருக்கிறது.

கடைமடைக்காரருக்கு வெறும் தண்ணீர் மட்டுமா போனது? சரக்கும் போனது. லெனோ பத்து மணிக்குச் செய்தது என்ன? நின்று நகைச்சுவை பேசினார், நட்சத்திரங்களைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார். கோனன் பதினொன்று முப்பத்தைந்துக்குச் செய்ததும் அதே மாதிரிதான். புதுப்பட நடிகர் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தால் ஒரே நிறுவனத்தின் இரண்டு நிகழ்ச்சி ஆட்களும் அவர் பின்னால் ஓட வேண்டும். அன்றைய செய்தியை வைத்துச் சொல்கிற நகைச்சுவையை ஒன்றரை மணி நேரம் முன்னால் இன்னொருவர் சொல்லிவிட்டால், பின்னால் வருகிறவர் பாடு என்ன? ஒரே ராத்திரியில் ரெண்டு துரியோதனன் வேஷம் கட்டி ஆடினால் ரெண்டாவது துரியோதனனை யார் பார்ப்பார்கள்?

எதிரணியின் அடுத்த குற்றச்சாட்டு: கோனனின் கிறுக்குத்தனமான நகைச்சுவை நள்ளிரவு தாண்டித்தான் எடுபடும், பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒத்துவராது. என்.பி.சி.யின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் டிக் எபர்சால்கூடத் தோல்வி கோனனுடையதுதான் என்று அப்போது பேட்டி கொடுத்தார். இதில் பாதி நியாயம் இருக்கிறது. நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி வரும் நிகழ்ச்சியில் பதினாறு வருடம் பழகியவர், ஆட்களைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டி வந்து, புது அரங்கில் கால் ஊன்றத் தடுமாறினார். தடுமாறாமல் யார் ஊன்றினார்கள்? இதே கோனன் 1993 செப்டம்பரில் அந்த நள்ளிரவு நிகழ்ச்சியைத் தொடங்கியபோது விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். இதே என்.பி.சி. பதின்மூன்று வாரம், பதின்மூன்று வாரமாக நீட்டித்து வைத்திருந்தது. இதே லெனோ, 1993 ஆகஸ்டில் லெட்டர்மேன் எதிரே கடை போட்ட நாள் முதல் ஏறத்தாழ இரண்டு வருடம் பின்தங்கியே இருந்தார். 1995 ஜூலையில் நடிகர் ஹியூ கிராண்ட் வந்த அந்தப் பேட்டிக்குப் பிறகுதான் முந்தினார். அப்போது காத்திருந்தார்கள். சந்தூர் நாற்றங்காலில் மாங்கன்று வாங்கி நடுகிறோம். ஒட்டுக்கன்று முதல் வருடமே பூக்கும். நாமே கிள்ளிப் போடுவோம். மூன்று நான்கு வருடம் போன பிறகுதான் காயை எண்ணுவோம். ஏழாம் மாதம் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் காய் இல்லை என்று வேரோடு பிடுங்குகிறவனை விவசாயி என்றா சொல்வோம்?

பிடுங்கிய விதத்தைப் பாருங்கள். டி.வி. பார்க்கிறவர்களை எண்ணும் நீல்சன் நிறுவனம் அப்போது ஊர்வாரியாக முழு அளவில் கணக்கெடுத்த மாதங்கள் நான்கு; அதில் நவம்பர் ஒன்று. 2009 நவம்பர்க் கணக்கு வந்ததும் உள்ளூர் நிலையங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. செய்தியின் பார்வையாளர்கள் சரிந்திருந்தார்கள். லெனோவை எடுக்காவிட்டால் நாங்களே வேறு நிகழ்ச்சி போடுவோம் என்று கிளம்பினார்கள். பத்து மணி தவறு என்று அப்போதுதான் நிறுவனத்துக்குப் புரிந்தது. தவறு செய்தது பத்து மணி; தண்டனை பதினொன்று முப்பத்தைந்துக்கு! 2010 ஜனவரியில் திட்டம் வெளியே வந்தது: லெனோ பதினொன்று முப்பத்தைந்துக்கு அரை மணி நேரம், 'டுநைட் ஷோ' 12:05-க்கு.

கோனன் பிடிவாதம் பிடித்தார், அரை மணி நேரம்தானே, ஒத்துக்கொண்டிருக்கலாமே என்கிறது எதிரணி. 'டுநைட்' என்றால் என்ன அர்த்தம்? இன்றிரவு. 12:05-க்குத் தொடங்கினால் காலண்டர் கிழிந்துவிட்டது. அது நாளைய ராத்திரி. ஜனவரி 12-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் இதைத்தான் சொன்னார். நிகழ்ச்சியின் பெயரையே சிதைக்கும் வேலைக்குத் துணைபோக மாட்டேன், எனக்குப் பின்னால் வருகிற ஜிம்மி ஃபாலனின் நிகழ்ச்சியையும் தள்ள வைக்க மாட்டேன் என்றார். தன் இடத்துக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரன் இடத்துக்கும் சேர்த்துப் பேசியவரைப் பிடிவாதக்காரர் என்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. எங்கள் அணியிலேயே சிலருக்குப் பிடிக்காது. கோனனின் ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று எழுதப்படவில்லை. நிலத்தை வாங்கிப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதாமல் வந்தது போல. அது அவர் தரப்பின் ஓட்டைதான். அந்த ஓட்டை இல்லாவிட்டால் 12:05 என்ற எண்ணமே வந்திருக்காது. ஆனால் எல்லை எழுதவில்லை என்பதற்காக வரப்பை நகர்த்தினவனை விட்டுவிட்டு, நிலத்துக்காரனையா உள்ளே வைப்பீர்கள்?

இன்னொரு சங்கதி, வழக்குக்கு வெளியே. அப்போது நிறுவனத் தலைமையில் இருந்தவர் ஜெஃப் ஸக்கர். அவரும் கோனனும் ஹார்வர்டில் ஒரே காலத்து மாணவர்கள். ஸக்கர் மாணவர் நாளிதழுக்குத் தலைவர், கோனன் நகைச்சுவை இதழுக்குத் தலைவர். கோனன் கூட்டம் நாளிதழ்க் கட்டுகளைத் திருடிக்கொண்டு போக, ஸக்கர் போலீஸைக் கூப்பிட்டார். இதற்கும் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. சொல்லாமல் விட மனசில்லை.

கணக்கு எப்படி முடிந்தது? சுமார் 4 கோடியே 50 லட்சம் டாலர். கோனனுக்கு 3 கோடியே 30 லட்சம், அவரோடு ஊர் விட்டு வந்த ஊழியர்களுக்கு 1 கோடியே 20 லட்சம். செப்டம்பர் வரை டி.வி.யில் தலைகாட்டக் கூடாது என்று நிபந்தனை. காசு வாங்கிக்கொண்டு போனவர்தானே என்று கேலி செய்தார்கள். குற்றமற்றவன் யாராவது நஷ்டஈடு என்று பணம் கட்டுவானா? பணம் கட்டியது எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜனவரி 22, கடைசி நாள் நிகழ்ச்சியை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

2010 நவம்பர் 8-இல் டி.பி.எஸ். சேனலில் கோனன் புது நிகழ்ச்சி தொடங்கினார். 2021 ஜூன் வரை ஓடியது. பத்தரை வருடம்! "அங்கே போனபோது ஜார்ஜ் லோபஸின் நிகழ்ச்சியை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டுத்தானே உட்கார்ந்தார்?" என்று எதிரணியில் ஒருவர் குறித்து வைத்திருப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். தள்ளியது உண்மை. லோபஸே முன்வந்து சம்மதித்துக் கோனனை அழைத்தார் என்பதும் உண்மை. கேட்டுத் தள்ளுவது வேறு, கேட்காமல் தள்ளுவது வேறு. பேருந்தில் சீட்டு பிடித்த எல்லாருக்கும் தெரியும்.

நடத்துகிறவரால் எந்த நிகழ்ச்சியும் கெடாது என்று நான் சாதிக்கவில்லை. 1993-இல் ஃபாக்ஸில் செவி சேஸ் நடத்தியது செப்டம்பர் 7-இல் தொடங்கி, அக்டோபர் பாதியில் ஏறக்கட்டப்பட்டது. அந்தத் தலைப்பில் பட்டிமன்றம் வையுங்கள், எதிரணித் தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு தேதி. 2010 மார்ச் 1-இல் லெனோ பழைய இடத்துக்கே திரும்பினார். 2014 பிப்ரவரியில் மறுபடி கைமாற்றம். இந்த முறை ஜிம்மி ஃபாலனுக்கு. லெனோ விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்பதை எதிரணித் தலைவர் எழுந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.