சாப்பாட்டுக் கடைச் சத்தமும் நம் காதும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் செவித்திறன் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். சோதனைக்கு வருகிற பெரியவர்கள் பலர் காது கேட்கவில்லை என்று சொல்லி வருவதில்லை. "நல்லாத்தாம்மா கேக்குது, பேசுறதுதான் பிடிபட மாட்டேங்குது" என்பார்கள். எங்கே பிடிபடவில்லை என்று விசாரித்தால் கல்யாண மண்டபம், பஸ், அப்புறம் ஓட்டல். மண்டபத்து மைக் செட்டைப் பற்றியும் ஏர்ஹாரனைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓட்டல் சத்தத்தை மட்டும் நாம் குழம்போடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம். அதைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு போகிறீர்கள். ஏசி ஹால். தரையில் கிரானைட், சுவரில் டைல்ஸ், வாசலில் கண்ணாடிக் கதவு, மேசையெல்லாம் எவர்சில்வர். இதில் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். கிளீனர் தம்பி டம்ளர்களை அள்ளி டப்பில் போடுகிறார். மூலையில் டிவி, தலைக்கு மேலே பாட்டு, பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். ஓடு போட்ட, பக்கவாட்டில் திறந்து கிடந்த பழைய மெஸ்களில் பாதிச் சத்தம் தெருவுக்குப் போய்விடும். அடைத்த ஹாலில் அது போக வழியில்லை.

இப்போது உங்கள் அப்பாவைப் பாருங்கள். வீட்டில் அவ்வளவு பேசுகிறவர், இங்கே வந்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்துவிடுவார். எல்லாரும் சிரித்தால் ஒரு நொடி தாமதித்துத் தானும் சிரிப்பார். "அப்பாவுக்கு வயசாயிருச்சு, எதுலயும் ஒட்ட மாட்டேங்கிறாரு" என்று நினைப்போம். வயதோடும் சத்தத்தோடும் முதலில் தேய்வது உச்ச ஸ்தாயி கேட்கும் திறன். உயிர் ஒலிகள் அழுத்தமாக விழும், அவை கேட்டுவிடும். க, ச, த, ப போன்ற சன்னமாக விழுகிற வல்லின ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் அவை மூழ்கிப்போகும். தட்டு என்றாலும் பட்டு என்றாலும் கட்டு என்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊகித்து ஊகித்து ஓய்ந்துபோய், பேச்சையே விட்டுவிடுகிறார். நடுவயதில் ஏற்படுகிற செவித்திறன் குறைவைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் மறதிநோய்க்கான வாய்ப்பு கூடும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2020, 2024 அறிக்கைகள் சொல்கின்றன. ஆகவே அவர் ஒதுங்கி உட்காருவதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தத்துக்கு நடுவே பேசும்போது நாம் எல்லாருமே நம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறோம். 1911-இலேயே எத்தியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் இதை எழுதி வைத்தார். ஒரு மேசை உயர்த்தினால் அடுத்த மேசை உயர்த்தும். கூட்டத்தைத் தாண்டிக் கேட்கட்டும் என்று கல்லாவில் இருப்பவர் பாட்டைக் கூட்டுவார். எல்லாரும் மறுபடி உயர்த்துவார்கள். இதில் நல்ல சேதி என்ன தெரியுமா? இறங்குவதும் அப்படித்தான். டிவியையும் பாட்டையும் அணைத்தால் போதும், ஒருவரையும் அதட்டாமல் ஹாலே தணிந்துவிடும்.

சரி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் காது கெட்டுவிடுமா? கெடாது. பயமுறுத்த நான் வரவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் தொழிலாளர்களுக்கு வைத்திருக்கிற பரிந்துரை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. சாப்பிட வருகிறவர் எழுந்து போய்விடுகிறார். போகாமல் அங்கேயே நிற்கிறவர் யார்? இந்தக் கேள்விதான் பல வருஷமாக என்னைத் துரத்துகிறது.

மதுரையில் ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் கொத்து பரோட்டாச் சத்தம் கேட்கும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முட்டை, வெங்காயம், சால்னா ஊற்றி, இரண்டு கையிலும் கரண்டியைப் பிடித்து மாஸ்டர் கொத்துகிற அந்தத் தாளம் இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். எனக்கும்தான். ஆனால் சாலையில் நமக்குத் தாளமாகக் கேட்பது, மாஸ்டரின் காதுக்கு ஒரு கை தூரத்தில் இரும்பு மேல் இரும்பு விழுகிற அடி. கல்லுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்தால் ஒவ்வொரு அடிக்கும் எண் 90-ஐத் தாண்டி எகிறும். திடீர் திடீரென்று விழுகிற இந்த மாதிரி அடியைக் காதால் முன்கூட்டித் தடுத்துக்கொள்ள முடியாது.

அப்படி ஒரு மாஸ்டர் எங்களிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். "ராத்திரி படுத்தா காதுக்குள்ள கொய்ங்னு ஒரே சத்தம் மேடம், தூக்கமே இல்ல" என்றார். கூட வந்த அவர் மனைவி, "டிவிய எம்புட்டு சத்தமா வைக்கிறாருங்கிறீங்க, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வாராங்க" என்றார். ஹெட்போனை மாட்டிச் சோதித்தோம். எந்த ஸ்தாயி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் என்கிற உச்ச ஸ்தாயிக்குப் பக்கத்தில் இரண்டு காதிலும் குழி. இரைச்சலால் வரும் பாதிப்பின் கையெழுத்து அது. உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதிக்குள் சத்தத்தை உணர்கிற நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. அவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்து கேட்டார். "மருந்து இல்லண்ணே, மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் வேலை பார்த்த கடை முதலாளியிடமும் பேசிப் பார்த்தேன். "சத்தம் கேட்டாத்தான மேடம் ஆளு வரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லை நிறுத்தச் சொல்லவில்லை. மாஸ்டர்கள் முறைவைத்துக் கொத்தட்டும், காதில் நுரை அடைப்பான் போடட்டும் என்றேன். சுருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் சரியாகச் செருகினால் 15, 20 டெசிபல் குறையும். ஆர்டர் கேட்காதே என்று பயப்படுவார்கள். காது நன்றாக இருக்கிற இளவட்டத்துக்கு அந்த இரைச்சலில் பேச்சு கேட்கத்தான் செய்யும், ஏனென்றால் அடியும் குரலும் சேர்ந்தே தணிகின்றன. ஏற்கெனவே குறைந்துபோனவருக்குத்தான் சிரமம். அதனால்தான் கல்லில் நிற்கத் தொடங்குகிற அன்றைக்கே அடைப்பானும் வேண்டும் என்கிறேன். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. ஆலைத் தொழிலாளிக்கு இருக்கிற அந்தக் கவனம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவருக்கும் வேண்டாமா?

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். ஓட்டல்காரர்களுக்கென்று வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். டம்ளர் டப்புக்கு அடியில் ரப்பர் விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி, ஜன்னலுக்குக் கனத்த திரை, கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை. எல்லாம் முடியாவிட்டால் முதல் இரண்டு. சாப்பிடப் போகிறவர்களே, அப்பாவைச் சுவரோரம், உங்கள் முகம் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். சப்ளையரிடம் "தம்பி, டிவிய அமத்துறீங்களா" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. வீட்டில் யாருக்காவது பேச்சு பிடிபடவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சோதனை செய்துகொள்ளலாம். வலி கிடையாது, ஊசி கிடையாது. மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அன்றைக்கு ஓட்டல்காரர்கள் சேர்ந்து மாஸ்டர்களுக்கும் கிளீனர் தம்பிகளுக்கும் ஒரு முகாம் நடத்த முன்வந்தால், கருவிகளோடு நாங்கள் வந்து சோதித்துத் தருகிறோம். மதியத்துக்குமேல் வைத்தால் ராத்திரி வியாபாரம் கெடாது.

நன்றி, வணக்கம்.